ஏவன்டேல் நாகதம்பிரானுக்கு எடை போதாது

1

இந்தக் கதையை என்னிடம் கேட்டு வாங்கியவர் தியாகலிங்கம். நியூசிலாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் அவர். ஆண்டு மலரின் ஆசிரியரும் அவர்தான். மலரில் வாழ்த்துச் செய்தி எழுதுபவரும், அந்த வாழ்த்துச் செய்திக்கு நன்றி தெரிவிப்பவரும் அவரே.

தொலைபேசியில் அழைத்தார். “ஒரு கதை தாரும். புலம்பெயர்ந்தவையின்ரை வலி இருக்கவேணும்.”

“எவ்வளவு வலி, ஐயா?”

“நாலு பக்கம். அதுக்கு மேலே போனா அச்சுக்காரன் சத்தம் போடுவான்.”

நாலு பக்க வலி அப்போது என்னிடம் கைவசம் இல்லை. ஒரு பாம்பு இருந்தது.

பாம்பு என் தலைக்குள் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். ஒக்லாந்தில் எங்கள் ஆட்கள் ஒன்றுகூடும் எந்த வீட்டிலும், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில், ஒருவர் கதிரையில் சாய்ந்து, “இந்த நாட்டிலை பாம்பே இல்லை, தெரியுமோ?” என்பார். தானே ஒவ்வொன்றாக அடித்துத் துரத்திவிட்டு இப்போதுதான் கை கழுவி வந்து உட்கார்ந்ததுபோல ஒரு பெருமை அந்தக் குரலில் இருக்கும். கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு கெட்ட ஆசை முளைத்தது. ஒரே ஒரு பாம்பை உள்ளே விட்டுப் பார்த்தால் என்ன?

இங்கே பாம்பு வளர்ப்பது குற்றம். மிருகக்காட்சிச்சாலையில்கூட இல்லை. கண்டால் விவசாய அமைச்சுக்குச் சொல்லவேண்டும். அவர்கள் வந்து கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள். ஆகவே இது முழுக் கற்பனை. 1987ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் நீங்கள் எதையாவது கேள்விப்பட்டிருந்தால் அதுவும் கற்பனைதான்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: “ஏவன்டேல் ரயில் நிலையத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த பை அசைந்தது. அவன் மனமும்” (போதும். பை அசைந்தால் மனமும் அசையவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?)

இரண்டாவது: “ஊரில் எங்கள் வளவின் மூலையில் ஒரு புற்று” (கைவிடப்பட்டது. இந்தப் புற்று சென்ற மலரிலும் வந்தது, அதற்கு முந்திய மலரிலும் வந்தது. இப்போது அதற்குள் ஓர் எறும்புகூட இல்லை.)

மூன்றாவது: மகேசன் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறான். மலேசியாவிலிருந்து பிரம்புக் கதிரைகள் வந்திருந்தன. சுற்றியிருந்த மட்டையைப் பிரித்தபோது, கதிரையின் அடியில் ஒரு மலைப்பாம்புக் குட்டி இருந்தது. ஒரு கை நீளம். முதுகெலும்பு கூரை முகடுபோல எழுந்து, இரண்டு பக்கமும் தோல் சரிந்து இறங்கியிருந்தது. உருண்டு சுருளவேண்டிய உடம்பு பழைய இடுப்புப்பட்டிபோல மடிந்து கிடந்தது.

மகேசன் நாலு பக்கமும் பார்த்தான். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த புட்டைக் கொட்டிவிட்டு, பாம்பை உள்ளே வைத்து மூடினான்.

இந்தத் தொடக்கம் நின்றது.

(ஒரு விளக்கம். மகேசனையும் அவன் மனைவி கௌரியையும் நான் உருவாக்கினேன்; அந்த உரிமையில் அவன், அவள் என்கிறேன். தலைவர் தாமாகவே உருவானவர், அவருக்கு ‘அவர்’. இனி வரப்போகும் மார்கரெட்டுக்கும் ‘அவர்’தான். பள்ளிக்கூட ஆசிரியை. எனக்குப் பயம்.)

3

ஆனால் மகேசனை என்னால் நம்ப முடியவில்லை.

கொழும்பில் வங்கிக் கணக்காளனாக இருந்தவன். மஞ்சள் விளக்கு எரியும் முன்பே காரை நிறுத்துபவன். நூலகப் புத்தகத்தைத் தவணைக்கு முதல் நாளே கொண்டுபோய்க் கொடுப்பவன். இப்படிப்பட்டவன் சட்டவிரோதமான பிராணி ஒன்றைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து மோட்டர்வேயில் ஓட்டிப் போவானா?

காரணங்கள் கொடுத்துப் பார்த்தேன். பக்தி என்றேன், சிரித்தான். விசா இன்னும் நிரந்தரமாகவில்லை, விசாரணை வந்தால் தொல்லை என்ற பயம் என்றேன். “பயம் எண்டா விட்டிட்டெல்லோ வந்திருப்பன்,” என்றான். அதுவும் சரிதான்.

கடைசியில் அவனே சொன்னான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில், அவனையும் கௌரியையும் பக்கத்து வீட்டுக்காரர் தன் களஞ்சிய அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். வாசலுக்கு வந்தவர்களிடம், “இங்கே ஒருவரும் இல்லை,” என்று சிங்களத்தில் சொன்னார். திரும்பத் திரும்ப, சலிக்காமல் சொன்னார்.

“மறைஞ்சு கிடக்கிற ஒண்டைக் காட்டிக் குடுக்க எனக்கு வராது, அண்ணை. அது பாம்பெண்டாலும்.”

(தலைவர் கேட்ட வலி இதுதான். சில வரிகளில் முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களில் பாம்பைப் போட்டு நிரப்புகிறேன்.)

4

கௌரி பெட்டியைத் திறந்தாள்.

“இதென்னப்பா?”

“பாம்பு.”

“பாம்பெண்டு தெரியுது. என்ரை புட்டுப் பெட்டிக்குள்ளை என்ன செய்யுது?”

மகேசன் நடந்ததைச் சொன்னான். அவள் பாதியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். குனிந்து அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு நாள் பட்டினியோ தெரியேல்லை. எலும்பு தெரியுது, பாருங்கோ.” பிறகு, விருந்தாளியைச் சாப்பிடவைக்காமல் அழைத்து வந்துவிட்ட கணவனிடம் கேட்கும் தொனியில், “வழியிலை ஒண்டும் குடுக்கேல்லையோ?” என்றாள்.

“மோட்டர்வேயிலை என்னத்தைக் குடுக்கிறது?”

குளிர்காலத்து ஒக்லாந்து வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்று: சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கும் அலுமாரி. ஈர உடுப்பு காயப்போடுவது அங்கேதான். கௌரி நடுத்தட்டிலிருந்த துவாய்களை எடுத்து என் கதையின் மீது

(மன்னிக்கவும். கட்டிலின் மீது.)

போட்டுவிட்டு, ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் வாசல் வெட்டி, உள்ளே பழைய கம்பளித் துண்டு விரித்தாள். சூப்புக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். பாம்பு மெல்ல நகர்ந்து பெட்டிக்குள் போனது. கண்களை மூடி நிம்மதியாக

(பாம்புக்கு இமை கிடையாது என்று பிறகு மார்கரெட் சொன்னார். வாக்கியம் இங்கே கைவிடப்படுகிறது. நிம்மதியும்.)

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மகேசனுக்கும் கௌரிக்கும் பிள்ளைகள் இல்லை. ஒரு பத்தி எழுதிவிட்டால், வெறுமையான தொட்டில், வெறுமையான மடி...

“அண்ணை,” என்றாள் கௌரி. “பிள்ளையில்லாத குறைக்குப் பாம்பு வளர்க்கிறாள் எண்டு எழுதிப்போடாதேங்கோ.”

“அப்போ வாசகர்களுக்கு என்ன காரணம் சொல்ல?”

“அது மெலிஞ்சிருக்கு. அது சாகக்கூடாது. வேறை என்ன காரணம் வேணும்?”

அந்தப் பத்தியைக் கிழித்துவிட்டேன். அவள் சொன்னதை நீங்களும் நினைவில் வையுங்கள்: அது சாகக்கூடாது. இந்தக் கதையில் பெறுமதியான விஷயம் இது மட்டுமே. மற்றதெல்லாம் சங்க நடவடிக்கை.

5

மகேசன் ஒரு பிழை விட்டான். ஆலோசனை கேட்கலாம் என்று தலைவரிடம் போனான். கூடவே, “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, ஐயா,” என்றான்.

ஒக்லாந்தில் எங்கள் ஆட்களிடையே ஒரு செய்தி பரவவேண்டுமானால் இதைவிட வேகமான வாகனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் கீரை வாங்க வந்தவர்கள், கீரையோடும் ஒவ்வொரு பால் போத்தலோடும் நேரே மகேசன் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் சப்பாத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. பிள்ளைகள் நடைபாதையில் முண்டியடித்தார்கள். “டஸ் இட் பைட், ஆன்ரி?” என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். “நாகதம்பிரான் அப்பிடியெல்லாம் செய்யமாட்டார்,” என்று, ஊர்ப் பாம்புக் கடவுளின் பெயரைச் சொல்லித் தாய் பதில் சொன்னாள். பிள்ளைக்குப் பாதி புரியவில்லை, மீதியை நம்பவில்லை.

வரவேற்பறையில் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் மூன்று துண்டுக் கோட் சூட்டில் வந்திருந்தார். எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசக்கூடிய தூரம்தான்.

“பாம்பில்லாத தேசத்திலை, ஒரு சைவ வீட்டைத் தேடி வந்திருக்கிறார். இது சும்மா நடக்கிற காரியமில்லை. நாங்கள் கோயிலில்லாமல் தவிக்கிறம் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.”

“பிரம்புக் கதிரையைத் தேடி வந்தது, ஐயா,” என்றாள் கௌரி.

“கதிரை ஒரு காரணம், பிள்ளை.”

“நாகமெண்டா படம் எடுக்கவேணும். இது மலைப்பாம்பு.”

“முதல்லை உடம்பு தேறட்டும். படமெல்லாம் பிறகு எடுப்பார்.”

தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. பாம்பை இனிப் பாம்பு என்று அழைப்பதில்லை. கோயில் கட்டும் குழு அமைப்பது. முக்கியமாக, சைவ வீட்டில் எழுந்தருளியிருப்பதால் நாகதம்பிரானுக்குப் பாலும் வாழைப்பழமும் தவிர வேறெதுவும் படைக்கக்கூடாது.

பாம்பு எலி தின்னும் என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஊரில் பாம்பு எலி பிடிப்பதைக் கண்ணால் கண்டவர்கள். ஆனால் தீர்மானம் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் கண்ணால் கண்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. கை தூக்கினார்கள். கையைக் கீழே இறக்கியதும் சாப்பிடப் போனார்கள்.

அன்றைய சாப்பாடு ஆட்டிறைச்சிக் கறி. பாம்பின் சைவத்தை முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, “நியூசிலாந்து ஆட்டுக்கு ஒரு தனி ருசி,” என்று ஒத்துக்கொண்டார்கள். தலைவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் மச்சம் மாமிசம் தொடாதவள் கௌரி ஒருத்திதான். கறியைச் சமைத்தவளும் அவள்தான். உப்புப் பார்க்க மகேசனைக் கூப்பிடுவாள்.

6

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே கோபம் வருகிறது.

வந்தவர்கள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பாலை வைத்தார்கள். அது திரைந்து நாறியது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தலையில் குங்குமம் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் காலையிலும் வந்தார்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் மத்தியானத்திலும் வந்தார்கள். அலுமாரிக் கதவு திறந்து திறந்து உள்ளே சூடே தங்கவில்லை. கௌரி தண்ணீரை மாற்றி வைப்பாள். அடுத்தவர் பாலை மாற்றி வைப்பார். பாம்பின் முதுகு இன்னும் கூராகியது. தோலில் சுருக்கம் விழுந்தது.

(நேர்மைக்காக: நானும் திறந்து பார்த்தேன். வர்ணனைக்காக. மேலே இருக்கும் ‘கூரை முகடு’ அப்படிக் கிடைத்ததுதான்.)

பக்கத்து வீட்டு மார்கரெட் ஒருநாள் வேலி வழியாக எட்டிப் பார்த்தார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தமிழர். தேவாலயத்தில் பாடுபவர். வகுப்பில் யாரும் வாய் திறக்காதபடி பார்த்துக்கொள்பவர்.

“என்னா கௌரி, தெனமும் ஒங்க வீட்டுல கல்யாணமா?”

கௌரி அவரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். மார்கரெட் கையை நீட்டவில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஒரு பார்வை பார்த்து, உடனே மூடினார்.

“ஐயோ, பாவம் லா. யாரு இதுக்குப் பொட்டு வச்சது?”

“சங்கம், அக்கா.”

“இதுக்குப் பசி இல்லாம இல்ல. பயம். புது எடம். இத்தன பேரு என்னையத் தூக்கித் தூக்கி வச்சா எனக்கே சோறு எறங்காது. கதவ மூடி வைங்க. சூடு வேணும், தண்ணி வேணும், யாரும் தொடக்கூடாது. கொஞ்ச நாள் கழிச்சி ஒரு சின்ன எலி. பெருசு குடுத்தீங்கன்னா கக்கிடும்.” நிறுத்தினார். “எலின்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?”

“ஓம்.”

“அப்பறம் என்னா?”

“தீர்மானம் எடுத்துப்போட்டினம்.”

“ஒங்க தீர்மானத்த எல்லாம் அந்த அலமாரிக்குள்ள போட்டு, ஒரு வாரம் பால் மட்டும் குடுத்துப் பாருங்க லா. எத்தன பேரு வெளிய வர்றாங்கன்னு பாப்போம்.”

கௌரி சிரிக்கவில்லை. “அக்கா, நான் இவ்வளவு காலமும் ஒரு முட்டைகூடத் தொட்டதில்லை. நான் போய் ஒரு எலியைக் கேட்டு வாங்கி, உயிரோடை...” வாக்கியத்தை அவள்தான் கைவிட்டாள், நான் இல்லை.

“கடைக்கு நான் போறேன்,” என்றார் மார்கரெட். “ உள்ள வைக்கிறது நீங்கதான். ஒங்க வீடு, ஒங்க பாம்பு.”

அன்று முதல் கௌரி அலுமாரிக் கைப்பிடியில் ஒரு சேலைத் துண்டைச் சுற்றிக் கட்டினாள். வந்தவர்களிடம் சுவாமி மௌன விரதம் என்றாள். விரதம் என்றதும் எல்லோரும் மதிப்போடு விலகி நின்றார்கள். பசி என்று சொல்லியிருந்தால் ஒருவரும் நகர்ந்திருக்கமாட்டார்கள்.

7

தலைவர் தொலைபேசியில் அழைத்தார். “கதை எந்த மட்டிலை நிக்குது?”

“முடிவு வரேல்லை, ஐயா.”

“அடிக்கல் நாட்டுவிழாவோடை முடியும். மலருக்கும் பொருத்தமா இருக்கும். அதோடை, உந்தக் கதையிலை ஒரு தலைவர் வாறாராம். ஆர் அது?”

“கற்பனை, ஐயா.”

“நல்ல மனுசனா எழுதும்.”

அவருக்காக யோசித்த முடிவுகள் கீழே. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அ. பாம்பு பட்டினியில் இறக்கிறது. தலைவர் அதைச் சமாதி என்கிறார். தேசி மரத்தடியில் புதைத்து, மேலே கல் வைத்து, நீண்ட உரையாற்றுகிறார். (அவருக்கு இது மிகவும் பிடித்தது. உயிருள்ள நாகதம்பிரானால் ஒரு தொல்லை உண்டு, மெலிந்துகொண்டே போவார். கல்லுக்கு எடை குறையாது.)

ஆ. விவசாய அமைச்சின் வெள்ளை வான் வண்டி வாசலில் நிற்கிறது. மகேசன் கதவைத் திறந்து, “இங்கே ஒருவரும் இல்லை,” என்கிறான். (வாசித்துப் பார்த்தேன். மிக அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.)

இ. பாம்பு தேறி, வளர்ந்து, அலுமாரியை உடைத்துக்கொண்டு வந்து தலைவரை விழுங்குகிறது. (எழுதும்போது எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் எடை குறைந்த பாம்புக்கு முதல் சாப்பாடு சிறியதாக இருக்கவேண்டும் என்று மார்கரெட் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.)

8

ஞாயிறு மத்தியானம்.

மார்கரெட் ஓட்டை போட்ட ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தார். கடைக்காரர் வளர்க்க வாங்குகிறார் என்று நினைத்து, ஓடி விளையாடச் சக்கரம் வேண்டாமா என்று கேட்டாராம். “வேணாம்னு சொல்லிட்டேன். மொகத்தப் பாக்க முடியல, கௌரி.” பெட்டியை மேசையில் வைத்துவிட்டு உடனே போய்விட்டார்.

கௌரி பெட்டியைத் திறந்து பார்த்தாள். வெள்ளை எலிக்குஞ்சு. முன்னங்காலால் மூக்கைத் துடைத்தது. அவள் மூடிவிட்டாள். திரும்பவும் திறந்தாள். குசினிக்குள் போய் ஒரு பிஸ்கட்டை உடைத்து எடுத்து வந்து உள்ளே போட்டாள். அது தின்னும்வரை நின்று பார்த்தாள்.

“கௌரி, நான் வைக்கவோ?” என்றான் மகேசன்.

“நீர் கொண்டு வந்தீர். அதோடை உம்மடை வேலை முடிஞ்சுது.” கோபம் வந்தால் அவள் கணவனை ‘நீர்’ என்பாள்.

வாசலில் மணி அடித்தது. தலைவர். கையில் வெள்ளிச் செம்பு. பின்னால் காரில் குடும்பம்.

“இண்டைக்குத் தரிசனம் இல்லை, ஐயா.”

“விரதம் முடியேல்லையோ?”

“முடியப்போகுது. சுவாமி சாப்பிடப் போறார்.”

தலைவர் முகம் மலர்ந்தது. செம்பை நீட்டினார். “பால்.”

“பால் இல்லை, ஐயா.”

“வாழைப்பழமோ?”

“நீங்கள் என்ரை வீட்டிலை ரெண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டீங்களே, அந்த வகைதான். ஆடு இல்லை. கொஞ்சம் சின்னது.”

தலைவர் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து எலிப்பெட்டி மெல்லச் சுரண்டும் சத்தம் கேட்டது. அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“பிள்ளை, தீர்மானம்...”

“தீர்மானத்திலை கை தூக்கின ஆக்கள் உள்ளுக்கு வந்து, இந்த எலியைத் தங்கடை கையாலை வெளியிலை விட்டிட்டு, பிறகு அந்தப் பாம்பின்ரை முதுகையும் ஒருக்காப் பார்த்திட்டுப் போகட்டும். வாங்கோ, ஐயா.”

அவர் வரவில்லை. “எனக்கு ஒண்டும் தெரியாது. நீர் ஒண்டும் சொல்லேல்லை,” என்றார். செம்பைப் படியில் வைத்துவிட்டுக் காருக்குப் போனார். கௌரி அந்தப் பாலில் மகேசனுக்குத் தேநீர் போட்டாள். எனக்கும் ஒன்று தந்தாள்.

பிறகு சேலைத் துண்டை அவிழ்த்தாள். அலுமாரிக் கதவை ஒரு கை நுழையுமளவு திறந்தாள். அவள் உதடு அசைந்தது. தேவாரமா, எலியிடம் மன்னிப்பா, எனக்குக் கேட்கவில்லை. கை உள்ளே போனது, வெறுமையாக வெளியே வந்தது. கதவை மூடினாள். அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். எலியை விட்ட கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

நேரம் போனது. உள்ளே ஏதோ ஒருமுறை புரண்டது போலிருந்தது. சுடுதண்ணீர்க் குழாயாகவும் இருக்கலாம்.

“கௌரி, கொஞ்சமாகத் திறந்து பார்க்கலாமா?” என்றேன்.

“வேண்டாம்.”

“ஒரு வரிக்காகத்தான். சாப்பிட்டதா இல்லையா என்று மட்டும்.”

“ஆக்கள் பார்த்துப் பார்த்துத்தான் அது இந்த நிலைமைக்கு வந்தது, அண்ணை.”

“வாசகர்கள் கேட்பார்கள்.”

“அவையையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

மகேசன் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் குசினிக்குள் போய்விட்டான். நான் வாசலுக்கு வந்து சப்பாத்தைப் போட்டேன். நாடா கட்டுவதற்குக்கூட அங்கே நிற்கவில்லை; ரோட்டில் வைத்துக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது அந்த அலுமாரிக்கு முன்னால் இருப்பது இரண்டு பேர். கதவில் சாய்ந்தபடி கௌரி. அவளுக்கு எதிரே, இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தபடி, நீங்கள்.